இரண்டு செண்டு பாட்டில்

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போதே பல்கீசுக்குத் தெரிந்துவிட்டது, சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை தனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று. கட்டில்மேல் இரண்டு செண்டு பாட்டிலும் அட்டைப்பெட்டியோடு பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மஞ்சள் பெட்டியில் மாம்பழம் படம். இன்னொன்று ரோஜா நிறம். சொரசொரத்த சிவப்புத் தோலும் உள்ளே வெள்ளைச் சதையுமாக ஒரு பழம், லிச்சியாம், மகள்தான் படித்துச் சொன்னாள். இன்று லுஹரோடு இத்தா முடிந்தது. புருஷன் மவுத்தாகி நான்கு மாதம் பத்து நாள், வாசற்படி தாண்டாமல், வெள்ளைப் புடவையில், பூ இல்லாமல், பொட்டு வாசனைகூட மேலே படாமல் இருந்து முடித்தாயிற்று. அஸருக்குப் பிறகு தெருப் பெண்கள் வருவார்கள், பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற உஸ்தாத்பி துஆ ஓதுவார், அப்புறம் இறந்தவனோடு பிறந்தவள் தன் கையால் இவளுக்கு முதல் வாசனை பூச வேண்டும். அது எந்தக் கிதாபில் இருக்கிறதோ தெரியாது, இந்தத் தெருவில் இருக்கிறது. இந்தத் தெருவில் சாகிறவனுக்கு ஒரு சட்டம் என்றால் இருக்கிறவளுக்கு ஒன்பது சட்டம். ஆக மைமூன் வருவாள், நாத்தனார் என்ற உரிமையில் கையை நீட்டுவாள், எந்தச் செண்டு மச்சி என்பாள். இரண்டில் ஒன்றை இவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றது மைமூனுக்கு. எது எவளுக்கு என்பதை வாங்கியவன் வந்து சொல்கிறேன் என்றான். வரவில்லை. இனி அவன் சொல்லாமல் இவளாகவே கண்டுபிடித்தாக வேண்டும், தப்பாகக் கண்டுபிடித்துவிட்டால் பதினெட்டு வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணினேன் என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது.

பதினெட்டு வருஷம் என்பது நிக்காஹ் புத்தகத்துக்குத்தான். தாவூது மஸ்கட்டில் லாண்டரியில் துணி தேய்த்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் லீவு, நடுவில் ஒரு முறை அதுவும் தவறிப் போனது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றாக இருந்தது ஒன்றரை வருஷம் தேறும். அதிலும் வந்த பதினைந்து நாள் விருந்து, போகிற பதினைந்து நாள் அழுகை. மிச்சத்தில் ஒருத்தன் என்ன நினைப்பான், எது பிடிக்கும், எதற்குச் சிரிக்கிறான் என்று என்னத்தைக் கண்டுகொள்வது. அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி அவளுக்கு இதைவிட நிறையத் தெரியும். இந்தத் தடவை கேன்சலில் வருகிறேன் என்றிருந்தான், விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக. பிப்ரவரியில் வருவது என்று பேச்சு. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி இஷாவுக்குப் பிறகு போன். "ஒரு சாமான் வாங்கிருக்கேன் புள்ள. ரெண்டு. ஒண்ணு ஒனக்கு. எதுன்னு வந்து சொல்றேன்." இவள் அப்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றாள், பொங்கிவிடுமே என்ற அவசரம். "எனக்கு ஒண்ணும் வேணாம். மைமூனுக்கு வாங்குனீங்களா, அதச் சொல்லுங்க. இல்லாட்டி மொகரையத் தூக்கி வச்சுக்கிட்டு அலைவா" என்றாள். மற்றது அவளுக்குத்தான் என்று அவன் சிரித்தான். பால் பொங்கியது, இவள் வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அன்று தூங்கப் போனவன் காலையில் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒண்ணும் வேணாம். கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. பல்கீசு அதை நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாள், கொஞ்சலாகச் சொல்லிப் பார்க்கிறாள், எப்படிச் சொன்னாலும் அது அதேதான். பால் பொங்கினால் என்ன, அடுப்பைத் துடைத்தால் போகிறது.

அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். மய்யித்தையும் பார்க்கவில்லை, கபன் துணியில் தடவுகிற கற்பூர வாசனைகூட இவளுக்குக் கிடைக்கவில்லை. போனில் ஒரு மண்மேடு படமாக வந்தது, தலைமாட்டில் ஒரு கல், கல்லில் ஒரு நம்பர். நாற்பது நாள் கழித்து அவனோடு அறையில் இருந்த ஆள் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். வெளிநாட்டிலிருந்து வருகிற சபர் பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு, இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்ததும் சோப்பும் பால்பவுடரும் புதுத் துணியும் சேர்ந்து குப்பென்று வரும், அது வந்தால்தான் மனுஷன் வந்ததாக அர்த்தம். இந்தப் பெட்டியும் அதே வாசனையோடு திறந்தது, வெட்கம் கெட்டது. மகள் அஃப்ரா அடுத்த அறையில் திறந்தாள். சட்டைகள் கத்தி மடிப்போடு இருந்தன, கஞ்சி வாசனைதான், அவன் வாசனை ஒரு நூலில்கூட இல்லை. ஊரார் துணியை எல்லாம் தேய்த்தவன் தன் துணியையும் ஊரார் துணி மாதிரியே தேய்த்து வைத்துவிட்டான். அடியில் இந்த இரண்டு செண்டு, பாலிதீன் தாள் பிரிக்காமல். இத்தாவில் செண்டு ஆகாது என்று அஃப்ரா அவற்றைப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். பல்கீசுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் உஸ்தாத்பி வந்தபோது சுற்றி வளைத்துக் கேட்டாள், "மாம்பழ வாசனையெல்லாம் மோந்து பாத்தா இத்தாவுக்கு எதுவும் பங்கம் வருமா உஸ்தாத்பி?" அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மாம்பழம் திங்கலாம்மா. மாம்பழம் பூசிக்கத்தான் கூடாது" என்றார். ஒருவேளை செண்டைப் பற்றி அஃப்ரா சொல்லியிருப்பாள்.

இப்போது பூசிக்கொள்ளலாம். ஆனால் முதல் வாசனை மைமூன் கையால் என்றிருக்கும்போது தானே அடித்துக்கொள்வது முறையில்லை. மூடியை மட்டும் திறந்து மோந்தால் யார் கேட்கப் போகிறார்கள். பல்கீசு மஞ்சள் பெட்டியின் தாளை நகத்தால் கீறினாள், தாள் கிர்ரென்று கிழிந்த சத்தத்துக்கே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூடி திறந்ததும் அறை முழுக்க மாம்பழம். மாம்பழமா அது, மாம்பழக் கடையையே காய்ச்சி வடித்த மாதிரி ஒரு அடி, மூக்கில் அறைந்து நெற்றிக்கு ஏறியது. இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி தெருமுனையில் திரும்பினால் பள்ளிவாசல் வரைக்கும் தெரியும். அடுக்களையில் எதிர்வீட்டிலிருந்து வந்த ஒட்டு மாம்பழம் நான்கு தட்டில் கிடக்கிறது, அதன் வாசனை இதற்கு முன்னால் வாய் பொத்தி நின்றது. மாம்பழம் என்றால் என்ன நினைத்து வாங்கியிருப்பான். அஃப்ரா வயிற்றில் இருந்தபோது மாம்பழம் மாம்பழம் என்று போனில் அழுதாள், கார்த்திகை மாதம், எங்கே போவது. அவன் அங்கிருந்து மாம்பழ ஜூஸ் டின் பன்னிரண்டு வாங்கி ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அப்படியானால் இதுதான் என்னுடையது. சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்து தொலைத்தது, மைமூனை அவன் சின்ன வயசிலிருந்தே மாங்கொட்டை என்றுதான் கூப்பிடுவான். மாங்கொட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி மூன்று தெரு சுற்றியவளாம். கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகும், "எங்க எங்க மாங்கொட்டை?" என்றுதான் வீட்டுக்குள் நுழைவான். தங்கச்சியை நினைத்து வாங்காமல் யாரை நினைத்து வாங்கினான். பெண்டாட்டிக்கு ஒரு முறை கொடுத்தனுப்பிய டின்னையும் தங்கச்சிக்கு முப்பது வருஷம் கூப்பிட்ட பேரையும் தராசில் வைத்தால் எது கீழே போகும் என்று குழந்தைக்குத் தெரியும்.

சரி, அப்போது லிச்சிதான். இதன் தாளைக் கிழிக்கும்போது கதவுப் பக்கம் திரும்பத் தோன்றவில்லை, அதுவே ஒரு துக்கமாக இருந்தது. மூடியைத் திறந்தால் இதுவும் ஒன்றும் சளைத்ததில்லை. தித்திப்பு, அடித் தொண்டையில் ஒட்டுகிற பாகு மாதிரித் தித்திப்பு, அதற்குள்ளே ரோஜாத் தண்ணீர் தெளித்தது போல ஏதோ. கல்யாணமாகி முதல் லீவில் அவன் இந்தப் பழத்தை டின்னில் கொண்டுவந்தான். கதவைச் சாத்திவிட்டுத் தானே டின்னைக் குத்தித் திறந்து ஸ்பூனில் எடுத்து நீட்டினான். வெள்ளையாக, வழவழவென்று, நடுவில் ஓட்டை. "ஆட்டுக்கண்ணு மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்" என்றாள் இவள். அவன் சிரித்த சிரிப்பில் பாகு சட்டையெல்லாம் கொட்டியது. மறுநாள் அவன் உம்மா, அந்தச் சட்டையில் என்ன பிசுபிசுப்பு என்று கேட்டதற்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு வேறு பக்கம் போனார்கள். அப்புறம் ஒவ்வொரு லீவுக்கு முன்னாலும் ஆட்டுக்கண்ணு கொண்டுவரட்டுமா என்று போனில் கேட்பான். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பேச்சு. அப்படியானால் இது. இதுதான். ஆனால் எனக்கு வேணாம் என்றல்லவா அன்றைக்கும் சொன்னாய், எவனாவது வேண்டாம் என்றவளுக்கு அதே பழத்தை வாங்குவானா. வேணாம் வேணாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். புடவை வேணாம், செயின் வேணாம், ஒண்ணும் வேணாம், நீங்க வந்தாப் போதும் என்று சொல்ல வெட்கப்பட்டு முதல் பாதியை மட்டும் சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறாய்.

"என்னம்மா, ரூம்பு ஜூஸ் கடை மாதிரி மணக்குது?" அஃப்ரா உள்ளே வந்தாள். பதினாறு வயசு, மூக்கும் முழியும் அப்படியே வாப்பா. கட்டிலில் இருந்த பெட்டிகளைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "தொறந்துட்டீங்களா."

"சும்மா பாத்தேன். ஒனக்கு எது நல்லாருக்கு?"

அவள் இரண்டையும் எடுத்து மோந்தாள். முகத்தைச் சுளிக்கக் கூடாது என்று பிடித்து வைத்தும் சுளித்துவிட்டது. "ரெண்டுமே தூக்கலா இருக்கும்மா. காலேஜ் புள்ளைங்க போடுறது. நீங்க இதையா போடப் போறீங்க, எல்லாரும் வரும்போது? மைமூன் மாமிகிட்ட நல்ல அத்தர் இருக்கும்மா, மைல்டா. அதக் கொண்டாரச் சொல்லவா?"

"வேணாம்" என்றாள் பல்கீசு, பார், மறுபடியும் அதே வேணாம். மகள் சேலையை எடுத்து வைத்தாள், இளம்பச்சை, கலர் உடுத்தி நாளாயிற்று என்று தானாகவே பேசிக்கொண்டு கொசுவத்தைச் சரிபார்த்தாள், பிறகு பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவ வேண்டும் என்று போய்விட்டாள். பெண்கள் வருகிறார்களே, வாய்க்கு ஏதாவது கொடுக்க வேண்டும். போனவனுக்காக அழ வருகிறவர்களும் பஜ்ஜி சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதில் தப்பில்லை.

காலேஜ் பிள்ளைகள் போடுவது. மகள் அறியாமல் சொன்னதுதான், ஆனால் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின மாதிரி ஆயிற்று. பல்கீசு இத்தனை நேரமும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்; எது எனக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தது, இரண்டுமே எனக்கு ஒத்துவராது என்பதைப் பார்க்காமல் இருக்கத்தான். அவளுக்குப் பிடித்தது ஜவ்வாது. குண்டுமணி அளவு எடுத்து காதுக்குப் பின்னால் தடவினால் பக்கத்தில் வருகிறவனுக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான் வேண்டும். முப்பத்தொன்பது வயசில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பழவாசனை எதற்கு. பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று தெரிந்தவன் இதை வாங்குவானா. தெரியாதவன்தான் வாங்குவான், கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை, ரெண்டு கொடு என்று. நினைக்கக் கூடாது என்று அவள் மூன்று வருஷமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்தது இப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தே விட்டது. போன லீவு. அவன் வந்து நான்கு நாள், விருந்தாளிகள் கலைந்த பிறகு, குளித்து, தலை காயவைத்து, ஜவ்வாது தடவி, மல்லிகை நான்கு முழம் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். முன்பெல்லாம் கதவருகே வரும்போதே கண்ணை மூடி மூச்சை இழுப்பான், அந்த மூச்சு ஒன்றுக்காகத்தானே இரண்டு வருஷம் காத்துக் கிடப்பது. அன்றைக்கு அவன் நிமிர்ந்து பார்த்தான். தலையில் பூவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். மறுநாளும் தடவினாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் ஜவ்வாது டப்பாவைப் பீரோவில் போட்டுவிட்டாள். சண்டை போடவில்லை, கேட்கவில்லை, கேட்டு அவன் என்னத்தையாவது சொல்லிவிட்டால்? மனுஷனுக்கு நம்மீது ஆசை விட்டுப்போயிற்று, வயசானால் அப்படித்தான் என்று தானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டாள். அந்த லீவு முழுக்க அவனுக்கு எதிலுமே லயிப்பில்லை. பிரியாணி தம் திறந்தபோது உம்மாவிலிருந்து பூனை வரை அடுக்களைக்கு ஓடி வந்தார்கள், அவன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஊசிப்போன மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து பாதி தின்றுவிட்டான், இவள் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. "நாத்தம் தெரியலயா ஒங்களுக்கு?" என்றதற்கு, "சளி புள்ள" என்றான். நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்தால் சோறு எங்கே தெரியப் போகிறது, பெண்டாட்டி எங்கே தெரியப் போகிறாள்.

இதைத்தான் நான்கு மாதமும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் எப்படிப்பட்ட மனுஷன், ஒன்மேல எவ்வளவு பிரியம் என்று அழுதார்கள், இவளும் அழுதாள், அழும்போதே உள்ளே ஒரு மூலையில் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு, பிரியமா, கடைசியில் இருந்ததா, கேட்டுக்கொண்டாயா என்று நின்றாள். அவன் இருந்திருந்தால் பிப்ரவரியில் வந்திருப்பான், இனிப் போவதில்லை என்று இருந்திருப்பான், ஏதோ ஒரு நாளில் சண்டை போட்டாவது கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிற இடம் கல்லும் நம்பருமாக இருக்கிறது. மிச்சமிருப்பது இந்த இரண்டு பாட்டில்தான், அதனால்தான் இதில் ஒன்று தன்னை நினைத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இப்படி ஒரு வெறி. நிஜமாகவே நினைத்து, என்னைத் தெரிந்து, இது அவளுக்கு என்று. இரண்டையும் மைமூனிடமே தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் கொண்டுவரும் அத்தரைப் பூசிக்கொண்டால் என்ன. கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டு? ராத்திரி படுக்கும்போது அவன் எனக்கு வாங்கியதை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பினேன் என்று விடியவிடிய விழித்துக் கிடக்கலாம். மின்விசிறி ஓர் இழுப்பு இழுத்து நின்றது, கரண்ட் போயிருந்தது. காற்று நின்றதும் இரண்டு வாசனையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. சேலையை மாற்ற வேண்டும். அவள் மாற்றவில்லை.

மைமூன் நேரத்தோடே வந்துவிட்டாள். பர்தாவைக் கழற்றாமலே அறை வாசலில் நின்றாள். எப்போதும் வரும்போதே நாலு வீட்டுக் கதையோடு வருகிறவள், இந்த நான்கு மாதமாக வாய் பூட்டிக்கொண்டாள். வருவாள், பாத்திரம் கழுவுவாள், இவள் முகத்தைப் பார்க்காமல் போவாள். காக்கா காக்கா என்று சுற்றிய அண்ணன் போன துக்கம் என்று பல்கீசு விட்டுவிட்டிருந்தாள். இன்று மைமூனின் கண் நேராகக் கட்டிலுக்குப் போனது, பாட்டில்களைப் பார்த்தது, அங்கேயே நின்றது.

"வா மைமூன். ஒங்க காக்கா ஒனக்கும் எனக்கும் ஒண்ணொண்ணு வாங்குனாங்க. எது ஒனக்குன்னு எனக்குத் தெரியல. நீயே எடு. நீ எடுத்தது போக மிச்சம் எனக்கு." சொன்ன பிறகுதான் இது எவ்வளவு எளிதான வழி என்று பல்கீசுக்குத் தோன்றியது, எவ்வளவு கேவலமான வழி என்றும்.

மைமூன் கதவைச் சாத்தினாள். தரையில், கட்டில் காலோரமாக உட்கார்ந்துவிட்டாள். "மச்சி, என்ன மன்னிச்சிருங்க. இத்தா முடியட்டும்னு இருந்தேன். அதுவும் பொய்தான், பயந்துக்கிட்டு இருந்தேன். காக்கா அன்னைக்கு எனக்கு வாட்சப்புல பேசி அனுப்புனாங்க. கடையில நின்னுக்கிட்டு. சின்னவனுக்குக் காச்சல், நான் போன எடுக்கவே இல்ல. காலைல செய்தி வந்த பொறகுதான் பாத்தேன். அவங்க ஒரு வார்த்தை கேட்டாங்க, நான் பதில் சொல்லல மச்சி. அத எப்படி ஒங்ககிட்ட போட்டுக் காட்டுவேன்?"

பல்கீசு கையை நீட்டினாள். மைமூன் போனைக் கொடுக்காமல் தானே அமுக்கினாள். முதலில் கடைச் சத்தம், அரபியில் யாரோ, பிறகு தாவூது. நான்கு மாதத்தில் முதல் முறையாக அந்தக் குரல், ரகசியம் பேசுகிற மாதிரித் தணிந்து, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

"மைமூனு, காக்கா பேசுறேன். ஒன் மச்சிக்கு ஒரு செண்டு எடுக்கலாம்னு வந்தேன். யாருகிட்டயும் சொல்லிறாத, எனக்கு மூக்கு போயி நாலஞ்சு வருஷமாச்சு. லாண்டரி மருந்து, டாக்டரு இனிமே வராதுன்னுட்டாரு. போன தடவ வந்தப்ப அவ ஏதோ பூசிக்கிட்டு வந்து நின்னா. பூசிருக்கான்னு தெரியுது, வாசந்தான் தெரியல. நல்லாருக்குன்னு சொல்லலாம், என்ன வாசம் சொல்லுங்கன்னு கேட்டுட்டான்னா? பேசாம இருந்துட்டேன். அவ மொகம் விழுந்துருச்சு, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இன்னைக்கு இந்தக் கடையில இருக்குற அம்புட்டையும் மோந்துட்டேன், கடைக்காரன் பைத்தியம்னு பாக்குறான். ரெண்டே ரெண்டுதான் எனக்குக் கொஞ்சமாவது தெரியுது. ஒண்ணு மாம்பழம். இன்னொண்ணு அந்த டின்னுல வருமே, அது. சட்டுனு சொல்லு, அவளுக்கு எது புடிக்கும்?"

இன்னொன்று, இருபது நிமிஷம் கழித்து. இப்போது தெருவில் நடந்துகொண்டே பேசினான், மூச்சு வாங்கியது. "நீ பாக்கல போல. ரெண்டையும் எடுத்துட்டேன். வந்து அவ கையில ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அதுன்னு அடிச்சு மோந்து பாக்குறேன். எது எனக்கு நல்லாத் தெரியுதோ அது அவளுக்கு. மத்தது ஒனக்கு. கோவிச்சுக்காத மாங்கொட்ட."

பல்கீசு மறுபடி போடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டது. ஊசிப்போன மீன் ஆணத்தைப் பாதி தின்றானே, அதுதான் முதலில் வந்தது. வாயில் வைத்தபோதும் தெரியாமல், இவள் கத்தியபோது சளி புள்ள என்று சிரித்துக்கொண்டு, மிச்சத்தையும் தின்றுவிடலாமா வேண்டாமா என்று இவள் முகத்தைப் பார்த்தானே. பிரியாணிக்கு எல்லோரும் ஓடியபோது தான் மட்டும் எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமல் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே. இரண்டு நாள் நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன், இரண்டு நாளும் அவன் தேடியிருக்கிறான், நான் நின்ற இடத்தில் நானே இல்லாத மாதிரித் தேடியிருக்கிறான். கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை. அவன் சொல்லப் பயந்தான், நான் கேட்கப் பயந்தேன், நல்ல ஜோடிதான். பல்கீசுக்கு அழுகை வந்தது, நான்கு மாதமாக அழுதது எல்லாம் வேறு யாருக்கோ அழுதது என்று தோன்றும்படி வந்தது. மைமூன் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "நான் பதில் சொல்லிருந்தா, மச்சி, நான் ஒரு வார்த்தை சொல்லிருந்தா" என்று அதையே சொல்லி அழுதாள்.

"நீ என்ன சொல்லிருப்ப?" என்றாள் பல்கீசு, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு. "அவளுக்கு ஜவ்வாதுதான் புடிக்கும்னு சொல்லிருப்ப. அதத்தானே சொல்லிருப்ப? நல்ல வேள நீ பாக்கல." இது மைமூனைத் தேற்றச் சொன்னது இல்லை, நிஜமாகவே அப்படித்தான் பட்டது. தனக்கு எது பிடிக்கும் என்பது இப்போது ஊர்வம்பு மாதிரி எங்கோ தூரத்தில் இருந்தது.

பாங்கு சொன்னார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை, முடியும்வரை அப்படியே இருந்தார்கள். வாசலில் பெண்கள் குரல் கேட்டது, அஃப்ரா வாங்க வாங்க என்று பாய் விரிக்கிற சத்தமும், எண்ணெயில் பஜ்ஜி விழுகிற சத்தமும். யாரோ ஒருத்தி, என்னடி இது, தெருமுனை வரைக்கும் மணக்குது என்று கேட்பதும் கேட்டது. பல்கீசு வெள்ளைப் புடவையின் தலைப்பை ஒதுக்கிவிட்டு இரண்டு கைகளையும் முழங்கை வரை நீட்டினாள். "அடி" என்றாள். "காக்கா சொன்ன மாதிரி. ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது."

மைமூன் வலது மணிக்கட்டில் மாம்பழத்தையும் இடது மணிக்கட்டில் லிச்சியையும் அடித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக விழுந்தது. ஈரம் சில்லென்று இருந்தது. பல்கீசு கைகளை இறக்கவில்லை.

"மோந்து பாரு மைமூன். அவங்களுக்கு எது தெரிஞ்சிருக்கும்?"

மைமூன் குனிந்து ஒரு கையை மோந்தாள். பிறகு மற்றதை. மறுபடி முதல் கையில் முகத்தை வைத்து, உறிஞ்சி உறிஞ்சி இழுத்துப் பார்த்தாள். அழுது அழுது அவளுக்கு மூக்கு முழுக்க அடைத்துப் போயிருந்தது. நிமிர்ந்து, கலங்கிப்போய்ப் பல்கீசைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலயே மச்சி" என்றாள்.